மலையைச் சுற்றும் அலையும் மலையில் முட்டும் அலையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குழித்துறைக்கு அடுத்து அமைந்துள்ள மார்த்தாண்டம், கேரள எல்லையான களியக்காவிளைக்கு மிக அருகில் இருப்பதால், தமிழும் மலையாளமும் கடைத்தெருவில் கலந்து புழங்குவதைப் போலவே வானொலிப் பெட்டியிலும் அருகருகே புழங்கும் ஊராகும். பண்பலை வரிசையில் முள்ளை 101.0 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினால் நாகர்கோவில் நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பும், அங்கிருந்து சற்றே நகர்த்தி 101.9-க்குக் கொண்டு சென்றால் திருவனந்தபுரத்தின் அனந்தபுரி பண்பலையும் கேட்கும். அதே பெட்டியின் விசையை மத்திய அலைக்கு மாற்றினால், திருவனந்தபுரத்துக்கு 1161, திருநெல்வேலிக்கு 1197, இலங்கையை நோக்கி ஒலிபரப்புவதற்கென்றே அமைந்த தூத்துக்குடி நிலையத்துக்கு 1053 கிலோஹெர்ட்ஸ் என்று நெடுங்காலம் பழகிய எண்கள் வரும். இவற்றுள் மூத்தது திருவனந்தபுரம். 1943 மார்ச் 12 அன்று திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்த அந்நிலையம், முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மார்த்தாண்டத்துக்குச் சொந்த நாட்டு வானொலியாகவும் இருந்தது. நாகர்கோவிலுக்கு வேறொரு சிறப்பு உண்டு. 1984-இல் தொடங்கிய அந்நிலையமே இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகும்.

மத்திய அலையும் பண்பலையும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று கேட்டால், ஏ.எம். தொலைவு போகும், ஆனால் கரகரக்கும் என்றும், எஃப்.எம். தெளிவாக இருக்கும், ஆனால் பக்கத்து ஊர்களோடு நின்றுவிடும் என்றும் பொதுவாக விடை கிடைக்கும். அனுபவ அளவில் இந்த விடை சரியே. காரணத்தில்தான் அது இடறுகிறது. தெளிவுக்குப் பெரும் காரணம் ஒலியை அலையின்மேல் ஏற்றும் முறை. தொலைவுக்குக் காரணமோ அலையின் நீளம். இந்தியாவில் ஏ.எம். ஒலிபரப்புகள் நீண்ட அலைகளிலும் எஃப்.எம். ஒலிபரப்புகள் குறுகிய அலைகளிலும் அமைந்துவிட்டதால், இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒரே பெயருக்குள் புகுந்து, ஒன்றின் பலனும் குறையும் மற்றொன்றின் கணக்கில் எழுதப்பட்டு வருகின்றன.

மனிதப் பேச்சையும் இசையையும் மின்னோட்டமாக மாற்றி அப்படியே வானில் அனுப்பிவிட முடியாது. ஒரு நொடிக்கு ஆயிரம் முறை அதிரும் ஒலிக்கு இணையான மின்காந்த அலையின் நீளம் 300 கிலோமீட்டராகும்; அலையைத் திறம்பட வீச வேண்டுமானால் ஆண்டெனாவின் உயரம் அலைநீளத்தில் ஏறத்தாழக் கால்பங்காவது இருக்க வேண்டும் என்பதால், அத்தகைய ஆண்டெனாவுக்கு மார்த்தாண்டத்திலிருந்து திருநெல்வேலி வரையுள்ள தூரமே உயரமாகிவிடும். எனவே நொடிக்கு இலட்சக்கணக்கில் அல்லது கோடிக்கணக்கில் அதிரும் வேறோர் அலையை உண்டாக்கி, அதன்மேல் ஒலியின் வடிவத்தைப் பதித்து அனுப்புகிறார்கள். ஒலியைச் சுமந்து செல்லும் இந்த அலைக்கு ஊர்தி அலை என்றும், அதன்மேல் ஒலியைப் பதிக்கும் செயலுக்குப் பண்பேற்றம் என்றும் பெயர். நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற எண்ணிக்கை அதிர்வெண் எனப்படும். ஒரு நொடிக்கு ஓர் அதிர்வு ஒரு ஹெர்ட்ஸ், ஆயிரம் அதிர்வுகள் ஒரு கிலோஹெர்ட்ஸ், பத்து இலட்சம் அதிர்வுகள் ஒரு மெகாஹெர்ட்ஸ். ஒலி எதுவும் ஏறாத ஊர்தி அலை, உயரத்திலும் அதிர்வெண்ணிலும் சிறிதும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்; அறிவிப்பாளர் பேசாமல் நிறுத்தும் நொடிகளில் பெட்டியின் இரைச்சல் அடங்கி அமைதி தோன்றுவது அந்த வெறும் அலை வந்துகொண்டிருப்பதனால்தான்.

மாறாமல் ஓடும் இந்த அலையில் ஒலிக்கேற்ப எதை மாற்றுவது என்பதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன. ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அலையின் உயரத்தை, அதாவது வீச்சை, கூட்டிக் குறைத்தால் அது வீச்சுப் பண்பேற்றம்; இதுவே ஏ.எம். வீச்சை மாற்றாமல் விட்டுவிட்டு, அதிர்வெண்ணைச் சற்று மேலும் கீழும் அசைத்தால் அது அதிர்வெண் பண்பேற்றம், இதுவே எஃப்.எம். நாதசுரக் கலைஞர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதும் அழுத்தத்தை மட்டும் கூட்டிக் குறைப்பதை முன்னதற்கும், அழுத்தம் மாறாமல் அந்தச் சுரத்தைக் கமகத்தால் மேலும் கீழும் அசைப்பதைப் பின்னதற்கும் ஒப்பாகக் கொள்ளலாம். நாகர்கோவில் நிலையத்தின் 101.0 மெகாஹெர்ட்ஸ் என்பது அலையின் நிலையான எண்ணன்று, அது ஊசலாடும் மையம் மட்டுமே. உரத்த ஒலி வரும்போது அலை அந்த மையத்திலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகித் திரும்புகிறது. எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது ஒலியின் உரப்பையும், நொடிக்கு எத்தனை முறை விலகித் திரும்புகிறது என்பது ஒலியின் சுருதியையும் குறிக்கின்றன.

வீச்சில் செய்தியை ஏற்றுவதில் உள்ள இடர்ப்பாடு, இயற்கையும் மின்சாதனங்களும் உண்டாக்கும் இடையூறுகளும் வீச்சையே தாக்குவதாகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் பெறும் குமரி மாவட்டத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்து இடிமழை வழக்கமானது. மின்னல் ஒவ்வொன்றும் கணப்பொழுதில் பெரும் மின்காந்த அதிர்வை எழுப்பி, அது வந்துகொண்டிருக்கும் ஊர்தி அலையின் உயரத்தோடு கூடி, ஒலிபெருக்கியில் படபடவென்ற வெடிப்பாக வெளிப்படுகிறது. மிக்சி, குழல்விளக்குச் சோக்கு, மலிவான எல்.இ.டி. விளக்கின் உள்ளிருக்கும் மின்சுற்று, பொறி பறக்கும் மின்கம்ப இணைப்பு ஆகிய அனைத்தும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. ஏ.எம். பெட்டிக்கு வீச்சின் மாற்றமே செய்தியாதலால், எந்த மாற்றம் நிலையத்தில் ஏற்பட்டது, எது வழியில் சேர்ந்தது என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. எஃப்.எம். பெட்டியிலோ வீச்சில் செய்தியே இல்லை. ஆகவே அலை உள்ளே நுழைந்ததும், ஓரளவுக்கு மேற்பட்ட உயரத்தையெல்லாம் ஒரே மட்டமாக வெட்டிவிடும் மட்டுப்படுத்தி என்னும் சுற்றின் வழியே அது செலுத்தப்படுகிறது. வெட்டுப்படும் பகுதியோடு மின்னலின் வெடிப்பும் மிக்சியின் இரைச்சலும் பெரும்பாலும் போய்விடுகின்றன. மின்னல் எழுப்பும் ஆற்றலில் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்களிலேயே அடங்கிவிடுவதால், 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயல்பாகவே அமைதி மிகுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெளிவு முழுவதையும் பண்பேற்ற முறைக்கே வரவு வைப்பது நியாயமாகாது.

அவ்வாறானால் முறையின் பங்கு எவ்வளவு, அலைவரிசையின் பங்கு எவ்வளவு என்று ஐயம் எழலாம். பழைய தொலைக்காட்சி அதற்கு விடை தருகிறது. 1980-களில் ஓட்டுவீடுகளின் கூரைக்கு மேல் உயர்ந்த குழாய்களில் அலுமினிய ஆண்டெனாக்களைக் கட்டி, திருவனந்தபுரத்தின் திசைக்குத் திருப்பி வைத்துத் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில், ஒரே அலைவரிசையில் படம் வீச்சுப் பண்பேற்றத்திலும் ஒலி அதிர்வெண் பண்பேற்றத்திலும் வந்துகொண்டிருந்தன; இரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளி வெறும் 5.5 மெகாஹெர்ட்ஸ். வீட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் உதைத்துக் கிளப்பப்பட்டதும், அதன் பொறிச்செருகி எழுப்பிய இடையூறு படத்தில் புள்ளிகளையும் கோடுகளையும் அள்ளித் தெளித்துவிட்டுப் போகும்; ஒலிக்கோ பெரும்பாலும் எந்தச் சேதமும் இருக்காது. ஒரே ஆண்டெனா, ஏறத்தாழ ஒரே அதிர்வெண், ஒரே இடையூறு; வேறுபட்டது பண்பேற்றம் மட்டுமே.

இந்த உண்மையை உலகுக்கு ஏற்கச் செய்வதற்குள் அதைக் கண்டவரின் வாழ்வே முடிந்துவிட்டது. அதிர்வெண்ணை அசைத்து ஒலியை அனுப்பலாம் என்ற எண்ணம் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்குக்கு முன்பே இருந்தது. ஆனால் அன்றைய பொறியாளர்கள் அதை எதிர்பார்த்தது தெளிவுக்காக அன்று, இடச் சிக்கனத்துக்காக: அலையை மிகச் சிறிதளவே அசைத்தால் குறுகிய இடத்தில் பல நிலையங்களை அடைக்கலாம் என்று அவர்கள் கருதினர். 1922-இல் ஜான் கார்சன் என்னும் கணித வல்லுநர், எவ்வளவு சிறிதாக அசைத்தாலும் ஏ.எம். எடுத்துக்கொள்ளும் இடத்தைவிடக் குறையாது என்று நிறுவினார். அவர் கணக்கில் பிழையில்லை. அதிலிருந்து மற்றவர்கள், எஃப்.எம். பயனற்றது என்று முடிவு கட்டியதுதான் பிழையாயிற்று. ஆம்ஸ்ட்ராங் அதைத் தலைகீழாகப் பார்த்து, இடத்தைச் சிக்கனம் செய்வதை விட்டுவிட்டு, அலையை மிக அகலமாக அசைத்தால் இரைச்சலை வெல்லலாம் என்று கண்டு, 1933 டிசம்பர் 26 அன்று அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1935 நவம்பரில் நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர்களின் கூட்டத்தில், யாங்கர்ஸ் என்ற பக்கத்து ஊரில் ஒரு நண்பரின் வீட்டிலிருந்து ஒலிபரப்பி அவர் செய்து காட்டியபோது, கோப்பையில் நீர் ஊற்றும் ஓசையும் தாள் கசங்கும் ஓசையும் அரங்கில் இருந்தவர்களுக்குத் துல்லியமாகக் கேட்டன. ஏ.எம். பெட்டிகளில் அத்தகைய மெல்லொலிகள் கரகரப்பில் கரைந்துபோவதைத்தான் அவர்கள் அதுவரை அறிந்திருந்தனர்.

அதற்குப் பின் நடந்தது அறிவியலைவிட வணிகத்தின் கதையாகும். ஏ.எம். நிலையங்களிலும் பெட்டிகளிலும் பெருமுதலை இட்டிருந்த நிறுவனங்களுக்குப் புதிய முறை உவப்பாக இல்லை. 1945-இல் அமெரிக்க அரசு பண்பலைக்கான இடத்தை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலிருந்து 88 முதல் 108 வரைக்கு மாற்றியதும், அதுவரை விற்ற பெட்டிகளும் கட்டிய நிலையங்களும் ஒரே அடியில் பயனற்றுப் போயின. உரிமைத்தொகை தொடர்பான வழக்குகளில் செல்வமும் உடல்நலமும் கரைய, 1954 ஜனவரி 31 அன்று ஆம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மேரியன் வழக்குகளை விடாது நடத்தி ஒவ்வொன்றாக வென்றார். கடைசி வழக்கு முடிந்தபோது ஆண்டு 1967 ஆகியிருந்தது. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியபோது, அந்தக் காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகி வெகுநாள் ஆகிவிட்டது.

அகலமாக அசைப்பதற்குக் கொடுக்கும் விலை இடமாகும். மத்திய அலை வரிசை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வகுக்கப்பட்டிருப்பதால், வரிசை முழுவதிலும் 120 இடங்கள் உள்ளன. ஏ.எம். அலையில் ஒலி ஏறும்போது ஊர்தி அலையின் இருபுறமும் ஒலியின் அதிர்வெண் அளவுக்குப் பக்கப்பட்டைகள் எனப்படும் துணை அலைகள் தோன்றும். ஒன்பதுக்குள் இரண்டு பட்டைகளும் அடங்க வேண்டுமானால், ஒலியில் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியைக் கத்தரித்தாக வேண்டும். பேச்சுக்கு அது போதும். வயலினின் மெல்லிய இழைவுக்கும் ஜால்ராவின் கிணுகிணுப்புக்கும் போதாது. பண்பலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியை ஏந்துகிறது, இடவலப் பிரிவுடன் கூடிய ஸ்டீரியோவையும் சுமக்கிறது. ஆனால் ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. மார்த்தாண்டத்துப் பெட்டியில் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருப்பவைபோல் தோன்றும் 101.0-க்கும் 101.9-க்கும் இடையே உள்ள 900 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், மத்திய அலைக் கணக்குப்படி நூறு நிலையங்களை அமர்த்திவிடலாம். இத்தகைய ஊதாரித்தனத்துக்கு மத்திய அலை வரிசையில் இடமே இல்லாததால்தான் பண்பலை மேலே, மிக உயர்ந்த அதிர்வெண்களுக்குக் குடியேற வேண்டியதாயிற்று. குடியேறியதன் விளைவே தொலைவுக் குறைவு.

திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். நாகர்கோவில் பண்பலையின் நீளம் மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அலை தன் நீளத்தோடு ஒப்பிடுகையில் சிறியதாக உள்ள தடையை எளிதில் வளைந்து கடந்துவிடும், பெரிய தடையிலோ முட்டி நின்றுவிடும். இருநூற்றைம்பது மீட்டர் அலைக்கு வீடும் மரமும் ஒரு பொருட்டல்ல. குன்றுகளின் மேலும் அது தரையைத் தழுவிக்கொண்டே வளைந்து செல்லும். இவ்வாறு செல்வதற்குத் தரை அலை என்று பெயர். நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையே குறுக்கிடும் திருநெல்வேலியைப் பகலிலும் குமரி மாவட்டத்து டிரான்சிஸ்டர்கள் பிடித்தது இந்த இயல்பினால்தான். ஒலிபரப்புக் கோபுரங்களையே பார்த்தாலும் வேறுபாடு விளங்கும். மத்திய அலை நிலையத்தில் வயல்வெளி நடுவே தனித்து நிற்கும் கோபுரம் முழுவதுமே ஆண்டெனாவாகும். 1197-க்கு அதன் கால்பங்கு அளவு 60 மீட்டரைத் தாண்டும், அதன் அடியில் மண்ணுக்குள் செம்புக் கம்பிகளும் ஆரக்கால்களாகப் பரப்பப்பட்டிருக்கும். பண்பலைக் கோபுரமோ வெறும் தாங்கி மட்டுமே. உச்சியில் பொருத்தப்பட்ட சில அடி நீளக் கம்பிகளே அங்கு ஆண்டெனா, கோபுரம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு நல்லது.

மூன்று மீட்டர் அலை, ஒளியைப் போல் பெரும்பாலும் நேராகச் செல்லும். புவி உருண்டையாக இருப்பதால், கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவானம் எங்கே விழுகிறதோ அதற்குச் சற்று அப்பால் அதன் எல்லை முடிகிறது. மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர். கொடைக்கானலில் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் பண்பலை, கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்திருப்பதால், அதே கணக்கின்படி 180 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மதுரையும் திண்டுக்கல்லும் அதைத் தங்கள் ஊர் நிலையம்போலவே கேட்டு வந்தன. நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நேர்த்தொலைவு 25 கிலோமீட்டர் அளவே ஆகையால் சிக்கலில்லை. ஆனால் வேளிமலையைப் போன்ற குன்றுத்தொடர்களின் மறைவில் கிடக்கும் சிற்றூர்களில், அதைவிடக் குறைந்த தொலைவிலும் அலை நலிந்துபோகும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை நோக்கிப் பேருந்தில் செல்பவர் பண்பலை கேட்டுக்கொண்டே போனால், எல்லை நெருங்க நெருங்க ஒலி மெல்லத் தேய்வதில்லை, விட்டுவிட்டுச் சடசடக்கும். நேராக வரும் அலையும் குன்றிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வரும் அலையும் ஓரிடத்தில் கூடியும் சற்றே தள்ளி ஒன்றையொன்று அழித்தும் விடுவதே அதற்குக் காரணம். போக்குவரத்து நெரிசலில் வண்டி நிற்கும் இடத்தில் பாட்டு காணாமல் போய், ஓரடி முன்னே நகர்ந்ததும் திரும்புவது இதனால்தான். இதற்கு நேர்மாறான காட்சி, மார்த்தாண்டம் மேம்பாலம் போன்ற இரும்புக் கட்டமைப்பின் அடியில் நடக்கும்: மூன்று மீட்டர் அலை தூண்களுக்கு இடையே புகுந்து வந்துவிடும், 250 மீட்டர் அலைக்கோ அந்த இடுக்கு மிகச் சிறியது என்பதால் மத்திய அலை அங்கு மங்கும். தடையைச் சுற்றிப் போகத் தெரிந்த அலைக்கு இடுக்கில் நுழையத் தெரிவதில்லை.

தரை அலை செல்லும் தொலைவு, அது தழுவிச் செல்லும் பரப்பு மின்சாரத்தை எவ்வளவு எளிதில் கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. காய்ந்த நிலத்தைவிடக் கடல்நீர் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்துவதால், மத்திய அலைக்குக் கடல் ஒரு நெடுஞ்சாலையாகும். 200 கிலோவாட் ஆற்றலுடன் தூத்துக்குடியில் அமைந்த ஒலிபரப்பி இலங்கைத் தமிழருக்கு ஒலித்ததும், அங்கிருந்து இலங்கை வானொலியின் மத்திய அலை தமிழகத்தின் தென்கரையோர ஊர்களில் உள்ளூர் நிலையம்போல் கேட்டதும் மன்னார் வளைகுடாவின் கொடை. இரவில் இன்னொரு வழியும் திறக்கிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, பகலில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்று மத்திய அலைகளை விழுங்கிக்கொண்டிருக்கும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிட, அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்குகளில் பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வந்து இறங்குகின்றன. சிற்றலை எனப்படும் இன்னும் உயர்ந்த அதிர்வெண்களோ பகலிலும் இவ்வாறு திரும்பி வருவதால், அவற்றைக் கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் ஒலிபரப்ப முடிந்தது. வந்து இறங்கும் இந்த வான்வழி அலை சீராக இராது, மேலடுக்குகள் அசையும்போதெல்லாம் ஏறியும் தாழ்ந்தும் வரும். இரவில் ஒரே எண்ணில் இரு தொலைதூர நிலையங்கள் வந்து மோதி ஊளையிடுவதும் இதன் விளைவே.

தொலைவுக்குக் காரணம் பண்பேற்ற முறையன்று என்பதை உறுதிசெய்ய விரும்புவோர் வானத்தையும் கடலையும் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்களும் தரைக் கட்டுப்பாட்டு நிலையமும் பேசிக்கொள்வது, பண்பலை வரிசைக்குச் சற்று மேலே 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில். அங்கே பயன்படுவது இன்றளவும் ஏ.எம். முறையே. அலை குறுகியதாதலால் அதுவும் பார்வை எட்டும் தொலைவுக்குத்தான் செல்லும். ஆனால் விமானம் உயரத்தில் இருப்பதால் அது போதுமானது. பழமையைக் கைவிட மனமில்லாமல் ஏ.எம். அங்கே தங்கிவிடவில்லை. எஃப்.எம். பெட்டி, ஒரே எண்ணில் வரும் இரண்டு அலைகளில் வலுவானதைப் பிடித்துக்கொண்டு நலிந்ததை அறவே விழுங்கிவிடும் இயல்புடையது. பாட்டு கேட்பவருக்கு அது வரம். இரு விமானிகள் ஒரே நேரத்தில் பேசும்போதோ ஒருவர் அழைப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாமல் போய்விடும். ஏ.எம். முறையில் இருவர் குரலும் கலந்து குழம்பினாலும், இன்னொருவரும் அழைக்கிறார் என்பதாவது தெரிந்துவிடும்.

கடலில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. மீன்பிடிப் படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவிகள் 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் எஃப்.எம். முறையில் இயங்குகின்றன; ஒலி தெளிவாக இருக்கும், எல்லையோ மேலே சொன்ன அடிவானக் கணக்குத்தான். நீர்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் ஆண்டெனா உள்ள இரண்டு படகுகளுக்கிடையே அது 16 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். கரையில் 100 மீட்டர் கோபுரமே இருந்தாலும் ஐம்பதைத் தாண்டாது. மார்த்தாண்டத்துக்குத் தென்மேற்கே நீரோடி முதல் தூத்தூர், சின்னத்துறை வரையுள்ள கரையோர ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் சுறாமீன் வேட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சீறியபோது, அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட பல படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. அக்கரையூர்களின் துயரத்துக்குக் காரணங்கள் பல. எச்சரிக்கை வெளியான நேரமும் மீட்புப் பணியின் வேகமும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. அலையின் இயல்பும் அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுக்க முடியாது. கடல்நீரைத் தழுவி நெடுந்தொலைவு செல்லும் மத்திய அலையை ஒரு சிறிய டிரான்சிஸ்டரிலும் கேட்க முடியும் என்ற நிலையில், அந்த அலைக்கான ஒலிபரப்பிகளைப் பழங்காலப் பொருளென்று ஒதுக்குவது குமரிக் கரைக்குப் பொருந்தாத முடிவாகும்.

ஆயினும் மத்திய அலை நலிந்து வருவதற்கு ஒலிபரப்பும் பக்கத்திலும் கேட்கும் பக்கத்திலும் வலுவான காரணங்கள் உள்ளன. ஏ.எம். முறையில், முழு அளவில் பண்பேற்றம் செய்யும்போதுகூட, வீசப்படும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு எந்தச் செய்தியும் ஏந்தாத ஊர்தி அலைக்கே போய்விடுகிறது. ஒலி பக்கப்பட்டைகளில் மட்டுமே உள்ளது. நூறு, இருநூறு கிலோவாட் நிலையங்களில் இது மின்கட்டணமாகத் திரும்பி வரும். கேட்கும் பக்கத்தில் நேர்ந்த மாற்றம் இதைவிடப் பெரியது. டிரான்சிஸ்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கரிய நிறத்தில், மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு தண்டு படுத்திருக்கும். ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான அதுவே மத்திய அலையின் ஆண்டெனா. பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தால் மத்திய அலை கூடிக் குறைவது அந்தத் தண்டு திசை பார்ப்பதனால்தான். பெட்டிக்கு வெளியே இழுத்து நீட்டும் வெள்ளிநிறக் கம்பி பண்பலைக்கு உரியது. 101 மெகாஹெர்ட்ஸுக்கு அதன் கால்பங்கு நீளம் 74 சென்டிமீட்டர். கைப்பேசிக்குள் ஃபெரைட் தண்டு வைக்க இடமில்லை. வைத்தாலும் கைப்பேசியின் சொந்த மின்சுற்றுகள் எழுப்பும் இரைச்சலே மத்திய அலையை மூழ்கடித்துவிடும். காதில் செருகும் கேட்பொறியின் கம்பியோ பண்பலை ஆண்டெனாவின் நீளத்துக்கு ஏறத்தாழப் பொருந்திவிட்டது. எனவே கைப்பேசியோடு பண்பலை கோடிக்கணக்கானோரின் சட்டைப்பைக்குள் நுழைந்தது, மத்திய அலை வெளியே நின்றுவிட்டது.

பழைய மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றைப் படிப்படியாக நிறுத்தி வரும் அகில இந்திய வானொலி, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் டி.ஆர்.எம். என்னும் எண்ணிம முறையை அதே அலைவரிசையில் நிறுவியுள்ளது. ஒலியை எண்களாக்கி, அந்த எண்களை நெருக்கமான பல ஊர்தி அலைகளில் பகிர்ந்து அனுப்பும் இம்முறையில், நீண்ட அலையின் தொலைவும் பண்பலைக்கு நெருங்கிய தெளிவும் ஒருங்கே கிடைக்கின்றன, மின்செலவும் குறைகிறது. தொலைவும் தெளிவும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இம்முறையைப் பிடிக்கும் பெட்டிகள் இந்தியாவில் பெரும்பாலும் புதிய கார்களிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. படகில் கொண்டுசெல்லத்தக்க மலிவான கைப்பெட்டி சின்னத்துறையிலோ தூத்தூரிலோ உள்ள கடைகளுக்கு வந்து சேரும் வரை, ஏ.எம். நிலையங்களை மூடும் பட்டியலில் தென்கரையின் ஒலிபரப்பிகள் கடைசியாக இருப்பதே முறையாகும்.